எண்பத்தாறு பேருக்கும் பச்சை

கடிதம் மொத்தம் நான்கே வரி. அதில் மூன்றாவது வரியை இசபெல்லா மூன்று தடவை படித்தாள். "கரட்டூரில் சேகரிக்கப்பட்ட எண்பத்தாறு சிறுநீர் மாதிரிகளும் உள்ளூர்ப் பணியாளரின் கவனக்குறைவால் கெட்டுப்போனதால், அவை ஆய்விலிருந்து நீக்கப்படுகின்றன." அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். உள்ளூர்ப் பணியாளர் என்றால் வேறு யார், அவள்தான். பெயரை எழுத மனசு வராதவர்களுக்குக் கையெழுத்து மட்டும் வேண்டியிருந்தது.

பதினாறு வருடமாகக் கரட்டூருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் லேப் டெக்னீஷியன். பதினாறு வருடமும் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச் மாதமும் வேலை இருக்குமா என்று டாக்டர் முகத்தைப் பார்க்கிற பிழைப்பு. அப்படியிருந்தும் ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் பாட்டிலோடு மாறியது என்று ஒரு நாள் நடந்ததில்லை. மூடியில் நம்பர் எழுதுகிறவளை அவள் டெக்னீஷியன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். மூடி கழன்று இடம் மாறிவிடும். நம்பர் பாட்டிலின் வயிற்றில்தான் இருக்க வேண்டும். கடத்தூர் பக்கம் மரவள்ளி போட்ட குடும்பத்தில் பிறந்து, பத்தாவதுக்கு மேல் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற அப்பனோடு சண்டை போட்டு, தருமபுரிக்கு தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த படிப்பு இது. அவளைப் பார்த்துக் கவனக்குறைவு என்று கை கூசாமல் எழுதியிருந்தார்கள்.

விஷயம் டிசம்பரில் ஆரம்பித்தது. நகரத்திலிருக்கிற ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு புரொபசரும் அவருடைய உதவியாளர் ஸ்டெஃபியும் வந்தார்கள். ஸ்டெஃபி பாப்பாரப்பட்டிப் பெண், எம்.எஸ்சி. முடித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து இசபெல்லாவின் மேஜைமேல் வைத்தார்கள். பெட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு சின்ன விளக்கு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு காகிதப் பட்டை. அந்தப் பட்டையில் ஒரு சாயம் பூசியிருக்கிறது. ஒரு சொட்டு சிறுநீரை அதில் விட்டு, பெட்டிக்குள் செருகி, மேலே செல்போனை வைத்தால், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இருந்தால் சாயம் அதைப் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும். புரதம் கூடக்கூட வெளிச்சமும் கூடும். வெளிச்சம் எவ்வளவு என்று போன் கணக்குச் சொல்லும்.

இசபெல்லாவுக்கு அது பிடித்துப்போனது. நிஜமாகவே பிடித்துப்போனது. சிறுநீரகம் என்பது ஒரு சல்லடை. சல்லடை நன்றாக இருந்தால் அந்தப் புரதம் ரத்தத்திலேயே தங்கிவிடும். ஓட்டை விழ ஆரம்பித்தால் சிறுநீரில் இறங்கும். நிறைய இறங்கிய பிறகு கண்டுபிடிக்க அவளிடமே ஸ்பிரிட் விளக்கும் டெஸ்ட் ட்யூபும் இருந்தன. கால் வீங்கி, முகம் வீங்கி வருகிறவர்களுக்கு அது போதும். ஆனால் ஓட்டை ஊசிமுனை அளவில் இருக்கும்போதே சொல்கிற வித்தை இந்தப் பெட்டியிடம் இருந்தது. அப்போதே தெரிந்தால் எத்தனையோ பேரை டயாலிசிஸ் வரை போகாமல் நிறுத்திவிடலாம். புரொபசர் இதைச் சொன்னபோது அவருடைய கண்ணிலும் ஓர் ஆசை தெரிந்தது. அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல இருக்கிற ஒரே நல்ல வார்த்தை இதுதான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

கரட்டூரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுகாதார நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். மரவள்ளி, தக்காளி, கறவை மாடு என்று பிழைக்கிற ஊர். ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, மறுநாள் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்துவரச் சொல்வது இசபெல்லாவின் வேலை. பாட்டில்களை நகரத்துக்கு எடுத்துப்போய், அங்கே இருக்கிற பெட்டியில் பார்ப்பது அவர்கள் வேலை.

கரட்டூரில் இன்னொரு வழக்கம் உண்டு. கரட்டூரில் மட்டுமல்ல, அந்தப் பக்கம் முழுக்க உண்டு. சுகாதார நிலையத்துக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். மாத்திரை கொடுக்காத டாக்டர் டாக்டரே அல்ல. "பாட்டில குடுத்துட்டு சும்மா போறீங்களே நர்சம்மா, மாத்திரை இல்லீங்களா?" என்று முதல் வீட்டிலேயே கேட்டார்கள். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட எந்தப் பெண்ணும் நர்சம்மாதான். மாத்திரை இல்லையென்றால் பாட்டிலும் வேண்டாம் என்று இரண்டாவது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இசபெல்லா வண்டியைத் திருப்பிப் போய், ஸ்டோரிலிருந்து சத்து மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தாள். பி காம்ப்ளெக்ஸ். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று பாட்டிலோடு சேர்த்து நீட்டினாள். எண்பத்தாறு பேரும் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் விதை நெல்லை வாங்குகிற மாதிரி முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

குள்ளம்மாள் மட்டும் மாத்திரையை வாங்கிய பிறகும் நகரவில்லை. நாற்பத்தாறு வயது, தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. மூன்று வருடமாகக் கால் வீக்கம், அசதி என்று சுகாதார நிலையத்துக்கு வந்து போகிறவள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பாத்தா எனக்கு என்னன்னு தெரிஞ்சிடுங்களா?"

"தெரிஞ்சிடுங்கக்கா. பத்து நாள்ல நானே வந்து சொல்றேன்."

அந்த வாக்கைத்தான் இசபெல்லாவால் காப்பாற்ற முடியவில்லை. பத்து நாள் இரண்டு மாதம் ஆனது. குள்ளம்மாள் சந்தையில் பார்க்கிறபோதெல்லாம், "வந்துதுங்களா?" என்று கேட்பாள். இன்னும் வரவில்லை என்று இசபெல்லா சொல்வாள். கடைசியில் வந்தது இந்த நான்கு வரிக் கடிதம்.

ஸ்டெஃபிக்குப் போன் போட்டாள்.

"எண்பத்தாறுமே பச்சையா எரியுதுக்கா," என்றாள் ஸ்டெஃபி. குரல் தயங்கியது. "சின்னப் பசங்க, பெரியவங்க, எல்லாமே. ஒரு ஊருக்கே கிட்னி கெட்டுப்போகாதுல்ல? சார் என்ன சொல்றாருன்னா, ஜனங்க ஏதாவது கலந்திருப்பாங்கன்றாரு. நோய் இருக்குதுன்னு காட்டினா உதவி ஏதாவது கெடைக்கும்னு. மஞ்சத்தூள் மாதிரி ஏதாவது."

"மூத்திரத்துல மஞ்சத்தூள் கலக்க அவங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்குது?"

"எனக்குத் தெரியுதுக்கா. ஆனா சார் அப்படித்தான் எழுதச் சொன்னாரு. அப்புறம் ஜனங்க மேல பழி போட்டா பிரச்சினை வரும்னு, கலெக்‌ஷன்ல தப்புன்னு மாத்திட்டாரு."

ஜனங்கள்மேல் போட்டால் பிரச்சினை வரும். ஒப்பந்த டெக்னீஷியன்மேல் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஏசி அறையில் உட்கார்ந்து யார் தலையில் கட்டுவது என்று யோசித்திருக்கிறார்கள். இளிச்சவாய்த் தலை ஒன்று மூன்று பஸ் தள்ளி இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது.

இசபெல்லா போனை வைத்துவிட்டுக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். செய்து காட்டுவதற்காக அவளிடம் விட்டுப்போன அதைத் திரும்ப எடுத்துப்போக இன்னும் ஆள் வரவில்லை. பட்டைகள் கொஞ்சம் மீதி இருந்தன. அந்த எண்பத்தாறு பாட்டில்களையும் மனசுக்குள் வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாமே நல்ல மஞ்சள். எலுமிச்சைப்பழ மஞ்சள். அன்றைக்கே அதைப் பார்த்தாள். காலை முதல் சிறுநீர் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பி காம்ப்ளெக்ஸ் போட்டால் மஞ்சளாகப் போகும் என்பது கரட்டூரில் மூன்றாவது படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவளுக்குச் சுருக்கென்றது.

முதலில் தன்னுடைய சிறுநீரையே ஒரு பட்டையில் விட்டுப் பார்த்தாள். பெட்டி இருட்டாக இருந்தது. ஒரு சத்து மாத்திரையை விழுங்கினாள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். பச்சை, கண்ணைக் கூசுகிற பச்சை. அப்புறம் ஒரு மாத்திரையை வெறும் தண்ணீரில் கரைத்து, அதில் ஒரு சொட்டைப் பட்டையில் விட்டாள். தண்ணீரும் ஒளிர்ந்தது. புரதத்தைப் பார்த்துத்தான் ஒளிரும் என்று பெருமை பேசிய பெட்டி, ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று சொன்னது. மாத்திரையில் இருக்கிற மஞ்சள் விட்டமின் ஊதா வெளிச்சத்தில் தானாகவே ஒளிர்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தவள் அவள்தான். படிவத்தில், 'வேறு மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறாரா' என்ற கட்டத்தில் எண்பத்தாறு தடவை 'இல்லை' என்று டிக் அடித்ததும் அவள் கைதான். பொய் சொல்ல வேண்டும் என்று அடிக்கவில்லை. சத்து மாத்திரையை அந்தப் பக்கத்தில் யாருமே மருந்தாக நினைப்பதில்லை. கேட்டால், "மருந்து எதுவும் இல்லீங்க, சத்து மாத்திரைதான்" என்பார்கள். பதினாறு வருடத்தில் அவளும் அந்த ஊர்க்காரியாகிவிட்டிருந்தாள்.

ஆனால் வெட்கப்பட்டு முடிந்ததும் கோபம் இன்னும் பெரிதாகவே வந்தது. அவளுக்குத் தெரியவில்லை, சரி. ஒளிர்கிற சாயத்தை வைத்தே காலம் தள்ளுகிற ஒருவருக்கு எது எது ஒளிரும் என்று தெரிய வேண்டாமா? வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா, டிவி இருக்கிறதா, கூரையா ஓடா என்று நாற்பத்திரண்டு கேள்வி எழுதத் தெரிந்தவர்களுக்கு, நேற்று ராத்திரி என்ன விழுங்கினாய் என்று ஒன்று சேர்க்கத் தெரியவில்லை. எண்பத்தாறும் பச்சையானபோது, "என்னம்மா நடந்தது?" என்று அவளுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே விடை கிடைத்திருக்கும். மஞ்சத்தூள் என்று முடிவுகட்டுவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது.

மறுநாள் புரொபசரே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இன்ட்ரஸ்டிங். அப்போ தப்பு உங்க சைடுதான் மேடம். லெட்டர்ல கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க."

"தப்பு என்னுதும் இருக்குதுங்க சார், இல்லேன்னு சொல்லல. நாலு நாளைக்கு மாத்திரைய நிறுத்திட்டு மறுபடி எடுத்துத் தர்றேன். நீங்க வந்து பாருங்க."

"தேவையில்ல. வேற கிராமத்துல சேம்பிள் எடுத்தாச்சு. கரட்டூர் முடிஞ்சுது."

"அந்த எண்பத்தாறு பேருக்கு யாருங்க சார் பதில் சொல்றது?"

"இது ஸ்டடி மேடம். ட்ரீட்மென்ட் ப்ரோக்ராம் இல்ல. ரிசல்ட் குடுக்கறது இதுல கெடையாது."

அந்த வாரமே ஸ்டெஃபி வந்து பெட்டியையும் மீதிப் பட்டைகளையும் வாங்கிப்போனாள். இசபெல்லாவின் முகத்தைப் பார்க்காமலே வாங்கிப்போனாள். ஊசிமுனை ஓட்டையைக் காட்டுகிற ஒரே பொருள் கரட்டூரை விட்டுப் போய்விட்டது. யாருக்கெல்லாம் இப்போதுதான் ஆரம்பிக்கிறதோ அவர்களுக்கெல்லாம் இனி கால் வீங்கிய பிறகுதான் தெரியும். இசபெல்லாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. தன்மேல் போட்ட பழியைக்கூட அவள் ஒருநாள் மறந்துவிடுவாள். இதை மறக்க மாட்டாள்.

டாக்டர் அமுதவல்லி கடிதத்தைப் பார்த்துவிட்டு, "மார்ச் வருது இசபெல்லா, எதுக்கு வம்பு? போட்டுடுங்களேன்" என்றார். கெட்ட மனுஷி அல்ல. தினமும் நூற்றைம்பது பேரைப் பார்த்துக் களைத்துப்போனவர்.

இசபெல்லா பேனாவை எடுத்தாள். கடிதத்தில் 'கவனக்குறைவால்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, அதற்கு மேல் நடந்ததை எழுதினாள். சத்து மாத்திரை கொடுத்தது நான். அது ஒளிரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. படிவத்தில் சத்து மாத்திரை பற்றித் தனியாகக் கேட்கவில்லை. மாதிரிகள் கெடவில்லை, மறுபடி எடுத்தால் விடை கிடைக்கும். அதற்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டாக்டர் முன்னால் ஒரு கட்டு வெற்றுச் சீட்டை வைத்தாள்.

"அவங்க டெஸ்ட்டு வேணாங்க மேடம். நம்ம லேப்ல சாதாரணமா பண்ற யூரின் டெஸ்ட்டுதான். அதுக்குச் சீட்டு எழுத யார் பர்மிஷனும் வேணாங்களே."

அமுதவல்லி சீட்டுக் கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

கரட்டூரில் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஆறரை மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போக வேண்டும். இசபெல்லாவின் கணவன் சவரிராயன்தான் அந்தப் பால் வண்டியின் டிரைவர். அவனோடேயே போய் இறங்கினாள். கேனோடு நின்றவர்களிடம் நேரடியாகச் சொன்னாள். மாத்திரை குடுத்தது என் தப்பு, அதனால் டெஸ்ட்டு வீணாகிவிட்டது, மறுபடி பாட்டில் கொடுக்கப்போகிறேன், இந்தத் தடவை மாத்திரை கிடையாது, வீட்டில் இருக்கிற சத்து மாத்திரையையும் நாலு நாள் தொடாதீர்கள்.

"மாத்திரையே இல்லாம எதுக்குங்க குடுக்கணும்?" என்று நஞ்சப்பன் கேட்டார். ஆறு மாடு வைத்திருப்பவர். அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு அதிகம். "அன்னைக்கு வந்தீங்க, குடுத்தோம். இன்னைக்கு வேஸ்ட்டா போச்சுன்றீங்க. ஜனங்கள என்னன்னு நெனச்சீங்க?"

"நீங்க திட்டறது நாயந்தாங்கய்யா. ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க மாட்டுப் பால தெனம் ரெண்டு வேளை மிசின்ல வுட்டுப் பாக்கறாங்க. உங்கள யாராச்சும் பாத்திருக்காங்களா?"

யாரோ சிரித்தார்கள். நஞ்சப்பன் சிரிக்கவில்லை, ஆனால் பாட்டிலை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஐம்பத்தொரு பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் ஐம்பத்தொரு ட்யூபையும் அவள் ஒவ்வொன்றாகச் சுடவைத்தாள். ட்யூபின் அடியைப் பிடித்துக்கொண்டு, சிறுநீரின் மேல்பாதியை மட்டும் விளக்கில் காட்ட வேண்டும். புரதம் இருந்தால் மேல்பாதி கலங்கும், கீழ்ப்பாதி தெளிவாகவே இருக்கும். கலங்கினால் இரண்டு மூன்று சொட்டு ஆசிட் விட வேண்டும். உப்பாக இருந்தால் கலக்கம் கரைந்துவிடும், புரதம் கரையாது. நாற்பத்தேழு ட்யூப் தெளிவாக இருந்தன. அந்தத் தெளிவை அவள் முழுதாக நம்பவில்லை. பெட்டி இருந்திருந்தால் அதில் எத்தனை பச்சையாகியிருக்குமோ. நான்கு ட்யூப் கலங்கின. அதில் மூன்று லேசாக. முப்பத்தொன்றாம் நம்பர் பால் திரிந்த மாதிரி திரண்டது. ஆசிட் விட்டும் கரையவில்லை. நம்பர் பாட்டிலின் வயிற்றில் இருந்தது; பெயரைப் பார்க்க நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமில்லை.

குள்ளம்மாளை லேபுக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள். ட்யூபைக் காட்டினாள்.

"அக்கா, சிறுநீரகத்துல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்குது. உங்களுக்கு அதுல ஓட்டை வுழுந்துடுச்சு. ஒடம்புல நிக்க வேண்டிய புரதம் வெளிய ஒழுகுது. அதனாலதான் கால் வீங்குது, அசதியா இருக்குது. தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ரத்தம் பாப்பாங்க. ஒழுகறத கொறைக்க மருந்து இருக்குது."

குள்ளம்மாள் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இந்த மூணு வருசமா போட்ட சத்து மாத்திரை?"

"அது இதுக்கு இல்லீங்கக்கா."

"வலி மாத்திரை? கடையில வாங்கித் தெனம் போடுவேனே."

இசபெல்லா ட்யூபை ஸ்டாண்டில் வைத்தாள். "அது இதுக்குக் கெடுதலுங்க. இனி போடக்கூடாது."

குள்ளம்மாள் சத்தம் போட்டிருந்தால் இசபெல்லாவுக்குத் தேவலாம் போலிருந்தது. மூன்று வருடத்தில் குள்ளம்மாள் எத்தனை தடவை இந்த லேப் வாசலைத் தாண்டிப் போயிருப்பாள். கால் வீக்கத்தோடு ஒருத்தி போகிறாளே என்று ஒருநாளாவது உள்ளே கூப்பிட்டு ஒரு ட்யூபைச் சுடவைத்துப் பார்த்திருக்கலாம். சீட்டு எழுதவில்லை, அதனால் பார்க்கவில்லை. புரொபசரைத் திட்டிய அதே வாயால் இப்போது யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் மாத்திரை குடுத்தீங்க," என்றாள் குள்ளம்மாள், குற்றம் சொல்கிற குரலில்லாமல். "என்ன வியாதின்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா மாத்திரையும் குடுக்க மாட்டீங்களோன்னு பயமா இருந்துது."

இசபெல்லா பெரியாஸ்பத்திரிக்கான சீட்டை எடுத்தாள். டாக்டர் எழுதியிருந்த ஆங்கில வரிக்குக் கீழே, தமிழில் கொட்டை எழுத்தில் நோயை எழுதினாள். குள்ளம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை வாங்கி மடித்துவிட்டு, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அங்கேயும் மாத்திரை குடுத்து அனுப்பிட்டா என்ன பண்றது? வாயால சொல்றதுக்கு எனக்குத் தெரியணும். என்னன்னு இன்னொருவாட்டி சொல்லுங்க, மெதுவா."

இசபெல்லா மெதுவாகச் சொன்னாள். குள்ளம்மாள் அவளைப் பார்த்தபடி, "சிறுநீரகத்துல ஓட்டை, புரதம் ஒழுகுது" என்று திருப்பிச் சொன்னாள். சரியா என்று கேட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள்.